இடுப்பில் ஒரு பாலம்

மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1-ஆம் தேதி மானுக்கான வில்வேட்டைப் பருவம் தொடங்குகிறது. நவம்பர் 15-இல் துப்பாக்கிக்காரர்கள் இறங்கும்வரை காடு பெரும்பாலும் வில்லாளிகளின் கையில்தான். அதனால் லான்சிங் நகருக்கு வடக்கே, மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் அந்தத் தகரக் கொட்டகையில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் இரவு வெகுநேரம்வரை வேலை நடக்கும். நான் போனது செப்டம்பர் நடுவில். வேலை செய்பவர்கள் மூன்றே பேர். மரமேறிக் கிளை கழிக்கும் தொழிலில் காலமெல்லாம் இருந்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் தரைக்கு வந்துவிட்ட முதியவர் ஒருவர். தையல் இயந்திரத்தில் அவருடைய மனைவி. பகலில் கார் உதிரிபாக ஆலைக்குப் போய்விட்டு மாலையில் இங்கே வரும் இளம்பெண் ஒருத்தி.

அவர்கள் செய்வது ஒரு சிறு கயிறு. சேணம் அணிந்து மரத்தில் தொங்கியபடி மானுக்குக் காத்திருப்பவர்களுக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்தவர்களில் ஒரு சாரார், இப்போது இடுப்பைச் சுற்றி அகலத் துணி இருக்கை ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். அதற்குத்தான் சேணம் என்று பெயர். மரமேறித் தொழிலாளர்களிடமிருந்து வந்த கருவி இது. இடுப்பின் இரு பக்கமும் தடித்த நாடாவில் தைத்த கண்ணி ஒவ்வொன்று இருக்கும். அந்த இரண்டையும் முன்பக்கமாக இணைக்கும் கயிற்றைப் பாலம் என்கிறார்கள். மரத்தைச் சுற்றிக் கட்டிய தாங்குகயிற்றின் காரபினர் கொக்கி இந்தப் பாலக்கயிற்றில் மாட்டப்படும். கால்கள் ஒரு சிறு மிதிதட்டில் நிற்க, மரத்தைப் பார்த்தபடி ஆள் பின்னால் சாய்ந்துகொள்வார். இருபது அடி உயரத்தில், விடிவதற்கு முன்பிருந்து நண்பகல்வரைகூட அப்படியே இருப்பார். தாங்குகயிறு, பாலம், சேணம் ஆகிய மூன்றில் எது கைவிட்டாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

இந்தப் பாலத்தின் நீளம் ஏன் கூடவும் குறையவும் வேண்டும்? நான் கேட்டதும் முதியவர் பேசவில்லை. உத்தரத்தில் தொங்கிய சேணத்தை என் இடுப்பில் மாட்டிவிட்டு, பாலத்தைக் குட்டையாக்கி, “உட்காருங்கள்” என்றார். உட்கார்ந்த சற்று நேரத்தில் இரண்டு இடுப்பெலும்பையும் யாரோ உள்நோக்கி நெருக்குவதாக இருந்தது. பிறகு கயிற்றை ஒரு சாண் விட்டுக்கொடுத்தார். நெருக்கல் போய்விட்டது.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். கொக்கியிலிருந்து கயிறு இரண்டு கிளையாக இடுப்புக்கு இறங்குகிறது. கிளைகளுக்கு இடையே 60 பாகைக் கோணம் இருந்தால், 80 கிலோ எடையுள்ளவருக்குக் கிளை ஒவ்வொன்றிலும் சுமார் 46 கிலோ இழுவிசை வரும். பாலம் குட்டையாகிக் கோணம் 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு கிளையிலும் முழு 80 கிலோ. கூடுதல் இழுவிசை பக்கவாட்டில் திரும்பி இடுப்பை நசுக்குகிறது. சரி, எப்போதும் நீளமாகவே வைத்துக்கொள்ளலாமே என்றால், மரம் ஏறும்போது தொங்கும் கயிறு மரக்கிளையில் மாட்டும். கொக்கியும் கைக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடும். ஏறும்போது குட்டை, அமரும்போது நீளம், மான் பின்பக்கமாக வந்து உடம்பைத் திருப்ப நேர்ந்தால் இரண்டுக்கும் நடுவே. ஒரே காலைப்பொழுதில் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். அதுவும் கையுறையோடு, இருட்டில், சத்தமில்லாமல். உலோகப் பூட்டு வைத்த பாலங்களும் உண்டு. ஆனால் உறைந்த காலை வேளையில் உலோகத்தில் உலோகம் பட்டால் எழும் ஒலி மானின் காதுக்குத் தப்பாது. கயிற்றைக் கயிறே பிடிக்கும் முறையை வேட்டைக்காரர்கள் விரும்புவது அதனால்தான்.

பட்டறையில் இரண்டு வகைப் பாலங்கள் செய்கிறார்கள். முதல் வகைக்கு அம்ஸ்டீல் புளூ என்னும் கால் அங்குலக் கயிறு. உயர் மூலக்கூறு எடைப் பாலிஎதிலீன் இழையில் 12 புரிகளாகப் பின்னப்பட்டது; உள்ளே வெறும் குழாய். சராசரியாக 8,600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,900 கிலோ வந்தால்தான் அறும். இவ்வளவு பலம் ஓர் ஆளுக்கு எதற்கு என்று கேட்டேன். முதியவர் தலையசைத்தார். “பாரத்தில் அறுந்து நான் பார்த்ததில்லை. பாரம் இல்லாத நேரத்தில்தான் கயிறு மோசம் செய்யும்.”

அவர் சொன்னதன் பொருள் இளம்பெண்ணின் மேசையருகே நின்றபோது விளங்கியது. அவள் கயிற்றின் ஒரு முனையில் நிலையான கண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சு கிடையாது. முனையை மடக்கி, கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே செலுத்திப் புதைக்க வேண்டும். குறுக்களவைப் போல 72 மடங்கு நீளம் உள்ளே போக வேண்டும் என்பது கயிறு செய்யும் ஆலையின் கணக்கு. கால் அங்குலத்துக்கு 18 அங்குலம். சிவப்பு மார்க்கரால் குறியிட்டாள். பிறகு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு, இடப்பக்கம் ஓடும் புரி ஒன்றும் வலப்பக்கம் ஓடும் புரி ஒன்றுமாகப் பிரித்து எடுத்து நறுக்கினாள். சாதாரணக் கத்தரி இந்த இழையில் வழுக்கும். அதற்கென்றே கூர் தீட்டிய கத்தரி வைத்திருக்கிறாள். முனை போகப்போக மெலிந்து வால்போல ஆனது. மெலிக்காமல் மொட்டையாகப் புதைத்தால், உள்வால் முடியும் இடத்தில் வெளிப்பின்னல் சட்டென்று மடங்கும்; வலு குறைவது அங்கேதான்.

துளையுள்ள நீள ஊசியில் வாலைக் கோத்து உள்ளே செலுத்தி வெளியே இழுத்தாள். அதன்பின் செய்ததுதான் என் கண்ணில் நிற்கிறது. ஒரு கையால் கண்ணியைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் விரல்களால் வெளிப்பின்னலை வால் பக்கமாக உருவினாள். வால் மெல்ல உள்ளே மறைந்தது. மறைந்த பிறகும் உருவினாள். மறுபடியும், மறுபடியும். போதாதா என்றேன். பின்னலை இரு விரலுக்கிடையே நசுக்கிக் காட்டி, “இங்கே காற்று இருக்கிறது பாருங்கள்” என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் விரலுக்குத் தெரிந்தது. பாரம் ஏறினால் வெளிப்பின்னல் இறுகி உள்வாலைக் கவ்விக்கொள்ளும். பாரம் இல்லாதபோது கவ்வாது. பையில் திணித்து, எடுத்து, உதறி, மறுபடி திணித்து என்று ஒரு பருவம் போனால் வால் அங்குலம் அங்குலமாக வெளியே வரும். அதைத் தடுக்கத்தான் கடைசியில் மெழுகு நூலால் குறுக்காக ஒரு பூட்டுத்தையல். நூலுக்கு எடை தாங்கும் வேலை இல்லை. தளர்வில் நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் பொறுப்பு. பருவம் நெருங்கும் வாரங்களில் இரவு விரல் நுனிகள் மரத்துப்போகும் என்றாள். அந்த உருவலுக்கு இயந்திரம் ஏதும் இங்கே கிடையாது.

பாலத்தின் மறுமுனை பூட்டுத்தையல் போடாமல் தன் வயிற்றுக்குள்ளேயே ஓடிவிட்டு வெளியே வரும். வாலை இழுத்தால் பாலம் குறுகும். வெளிப்பின்னலைக் கூட்டிப் பிடித்தால் நீளும். அமர்ந்தால் தானே இறுகும். அழகான ஏற்பாடு. ஆனால் இழுத்துச் சரிசெய்தபின் பின்னலை ஒருமுறை உருவி இறுக்காமல் சட்டென்று உட்கார்ந்தால், கவ்வுவதற்குள் கயிறு ஓடக்கூடும். வாலின் கடைசியில் முடிச்சோ தைத்த கண்ணியோ இருந்தால் ஓட்டம் அங்கே நிற்கும். அது இல்லாமல் எந்தப் பாலமும் இந்தக் கொட்டகையை விட்டு வெளியே போவதில்லை.

நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன். தளைநாரைக் காலில் மாட்டி, மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறும் பனையேறிகளுக்கு நடுவே வளர்ந்தேன். விழுந்து இடுப்பொடிந்து திண்ணையோடு கிடந்தவர்களை எனக்குத் தெரியும். மரமேறுகிறவனுக்குக் கயிறு செய்யும் ஒருத்தி, கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்றை வெளியேற்ற விரல் நோக உருவுவதைப் பார்த்தபோது, வேட்டையில் எனக்கு ஆர்வம் இல்லை என்பது பொருட்டாகவே தோன்றவில்லை.

முதியவருக்குப் பிடித்தது இரண்டாவது வகை. உறையுள்ள 8 மில்லிமீட்டர் கயிறு. அதன்மேல் 6 மில்லிமீட்டர் கயிற்றால் சுற்றிய பிடிமுடிச்சு. பிடிகயிறு தாய்க்கயிற்றைவிட மெலிதாக இருந்தால்தான் நன்றாகக் கடிக்கும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் வெளியிட்ட, அவர் பெயரிலேயே வழங்கும் முடிச்சு எல்லாருக்கும் தெரிந்தது. முதியவர் போடுவது டிஸ்டல் என்னும் முடிச்சு. பாரம் ஒரே திசையில் வரும் இடத்துக்கு அது போதும்; ஒரு கையாலேயே தள்ளலாம் என்கிறார். முதல் வகையின் வழுவழுப்பான கயிற்றில் இந்த முடிச்சுகள் நம்பும்படி நிற்பதில்லை. மேலும் அந்தப் பாலிஎதிலீன் 150 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். பிடிகயிற்றுக்கு இவர் தேர்ந்தெடுப்பது உருகாத அராமிட் இழை. அதற்கும் குறை உண்டு: மடங்கி மடங்கி ஓயும், வெயிலும் ஆகாது.

முடிச்சைப் போட்டதும் சுற்றுகளை நகத்தால் ஒவ்வொன்றாக ஒதுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக்கினார். பிறகு உத்தரத்தில் மாட்டி, தரையிலிருந்து அரையடி உயரத்தில் தானே உட்கார்ந்து பார்த்தார். எழுந்து பாரத்தை எடுத்தார், முடிச்சைத் தள்ளினார், மறுபடி உட்கார்ந்தார். ஒரு பாலத்தில் முடிச்சு கொஞ்சம் நகர்ந்து பிறகே கடித்தது. அதை அவிழ்த்து இளம்பெண்ணிடம் கொடுத்தார். அவள் மறுபேச்சில்லாமல் புதிதாகக் கட்டினாள்.

சொந்தமாகச் செய்துகொள்ளலாமா என்று பலர் கேட்பதாக அவருடைய மனைவி சொன்னார். செய்யலாம், கற்றுக்கொண்டு தரையில் சோதித்துச் செய்யலாம் என்பது அவர் பதில். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. கயிறும் ஊசியும் யாருக்கும் கிடைக்கும். “இங்கே காற்று இருக்கிறது” என்று சொல்லும் விரல் அவ்வளவு எளிதில் வாய்க்காது.

மூலையில் ஒரு பெட்டி நிறைய, வேட்டைக்காரர்கள் திருப்பியனுப்பிய பழைய பாலங்கள். ஒன்றில் உறை பஞ்சாகப் பிரிந்திருந்தது. இன்னொன்றை எலி கடித்திருந்தது. வியர்வையின் உப்புக்காகக் கடிக்குமாம். மூன்றாவது பார்க்கப் புதிதாகவே இருந்தது. முதியவர் அதை விரலால் தடவிக்கொண்டே போய், கொக்கி உட்காரும் நடுப்பகுதியில் நிறுத்தினார். அங்கே மட்டும் கயிறு தட்டையாகி விறைத்திருந்தது. கத்தரியை எடுத்து மூன்றையும் சாண் நீளத் துண்டுகளாக வெட்டிக் குப்பையில் போட்டார். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு மரமேறிவிடுவார்கள் என்றார்.