உம்மம்மா கேட்ட கேள்வி

சென்ற வருடம் மீலாத் விழாப் போட்டிகளுக்கான தலைப்புகளை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மேற்பிரிவுப் பேச்சுப் போட்டிக்கு நேரே 'மேற்குலகின் முஸ்லிம் பெண் ஆளுமைகள்' என்று இருந்தது. பெயர் கொடுத்தவர்கள் நாலு பேர். மூவர் வவுனியா பட்டணத்துப் பிள்ளைகள். நான் மட்டும் விடுதிப் பிள்ளை. முல்லைத்தீவு மாவட்டத்தின் நீராவிப்பிட்டியிலிருந்து வந்து படிப்பவள். இடையில் ஒரு வார விடுமுறை வந்தது. வீட்டிலிருந்தே தயார்படுத்திக்கொண்டு வரலாம் என்று பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. நானாவின் போனை வாங்கிக்கொண்டு வேலியோரம் முதிரை மரத்தடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மூன்று நாளில் ஒரு கொப்பி நிறையக் குறிப்பு எழுதினேன்.

முதலில் இங்ரிட் மட்சன். கனடாவில் பிறந்து, படிக்கும் வயதில் இஸ்லாத்தை ஏற்றவர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் முஸ்லிம் மதகுருப் பணிக்கான முதலாவது பயிற்சி நெறியைத் தொடங்கினார். 2006இல் வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் தலைவராகத் தெரிவானார்; அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அடுத்தது லைலா அஹமட். எகிப்தில் பிறந்து, இஸ்லாமிய வரலாற்றில் பெண்களின் இடம் பற்றி 1992இல் வெளிவந்த ஆய்வு நூலால் உலகம் அறிந்தவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்தவர். மூன்றாவது சயீதா வார்சி. 2010இல் பிரித்தானிய அமைச்சரவையில் அமர்ந்த முதல் முஸ்லிம் பெண். நான்காவது இல்ஹான் ஒமர். சோமாலியாவின் யுத்தத்துக்குத் தப்பி, கென்யாவில் அகதி முகாமில் நான்கு வருடம் வாழ்ந்து, 2018இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தெரிவானவர்.

எழுத எழுத எனக்குள் ஒரு பெருமிதம். அதோடு ஒரு ஏக்கமும். இப்படிப்பட்ட பெண்கள் எல்லாம் எங்கேயோ தூரத்தில்தான் பிறப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் இருப்பது குளம், வயல், பள்ளிவாசல், சனங்கள் திரும்பி வராமல் காடு மூடிக் கிடக்கும் சில வளவுகள். இங்கிருந்து யார் வரப்போகிறார்கள்?

இரவு இஷாவுக்குப் பிறகு உம்மம்மாவுக்கு முன்னால் நின்று பேசிக் காட்டினேன். உம்மம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. கண் மங்கல், காது நல்ல கூர்மை. பாக்கு இடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இங்ரிட் மட்சன் இளவயதில் பாகிஸ்தான் போய் ஆப்கான் அகதிப் பெண்களுக்குச் சேவை செய்தார், அவர் கலியாணம் முடித்தபோது அந்த ஏழைப் பெண்கள் சேர்ந்து அவருக்கு உடுப்பு ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள் என்று சொன்ன இடத்தில் மட்டும் உலக்கையை நிறுத்தினார்.

"அகதியளா குடுத்தாங்க?"

"ஓம் உம்மம்மா."

"அல்லாஹ்! அது பெரிய மனசு." திரும்பவும் இடிக்கத் தொடங்கினார். நான் பேசி முடித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பேசுறாய். ஒண்டு மட்டும் சொல்லு. அவங்கட ஊருல பொம்புளப் புள்ள தன்ட கலியாணப் புத்தகத்துல கையெழுத்து வெக்கிறதா?"

நான் பதில் சொல்லவில்லை. உள்ளறையில் தன் மகனைத் தூங்க வைத்துக்கொண்டிருந்த ராத்தாவும் ஒன்றும் சொல்லவில்லை. தாலாட்டு மட்டும் நின்றது.

ராத்தாவுக்குக் கலியாணம் நடந்தது 2013இல். அப்போது அவருக்குப் பதினேழு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதியிருந்தார். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, வீட்டுத் திட்டத்து வீட்டுக்குக் கூரை போட்டு முடியாத காலம். "வந்த இடம் நல்ல இடம்" என்றார்கள். நிகாஹ் அன்று ஆண்கள் எல்லோரும் முற்றத்துப் பந்தலில் இருந்தார்கள். பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளை கையெழுத்து வைத்தார், வலியாக வாப்பா வைத்தார், சாட்சிகள் வைத்தார்கள். ராத்தா உள்ளறையில் பாயில் இருந்தார். நான் சின்னப் பிள்ளை, அவரின் மடியில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே பாத்திஹா ஓதும் சத்தம் கேட்டது. அப்படித்தான் தனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. சில மாதம் கழித்துப் பெறுபேறு வந்தது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் 'ஏ'. அந்தப் பெறுபேற்றுத் தாள் இன்றும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.

மச்சான் நல்ல மனிதர், அல்ஹம்துலில்லாஹ். நான் குறை சொல்வது அவரை அல்ல. வாப்பாவை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மணமகனும் வலியும் பிரகடனம் செய்ய வேண்டும். மணமகளின் கையெழுத்தை அது கேட்கவில்லை. காதி நீதிபதியாக ஆண் ஒருவரைத்தான் நியமிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. நாட்டின் பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995இல் பதினெட்டாக்கப்பட்டபோது முஸ்லிம் பிள்ளைகள் அதற்கு வெளியே நின்றார்கள். சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது வருடம் இருந்தும் குழுவுக்குள் கருத்து இரண்டாகப் பிரிந்தே முடிந்தது. கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்காமல் மணமுடித்து வைக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை நாங்கள் இஸ்லாம் பாடத்தில் மனனம் செய்கிறோம். அந்த அனுமதியை ஒரு தாளில் எழுதி வாங்குவதற்கு ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் உம்மம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்தேன். புத்தளம் முகாமில் அவர் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தது எனக்குத் தெரியும். எப்படித் தொடங்கினார் என்று அதுவரை கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர் அகதியானார்கள். அதில் எங்கள் குடும்பமும் ஒன்று. உம்மம்மா கையில் ஒரு குர்ஆனும் இடுப்பில் கடைசிப் பிள்ளையுமாக வந்தவர். புத்தளத்தில் ஓலைக் கொட்டில். பகலில் வெங்காயத் தோட்டத்தில் கூலி. முகாமின் ஆண் பிள்ளைகளுக்கு மத்ரஸா தொடங்கியிருந்தது. பெண் பிள்ளைகளுக்கு இடம் இல்லை, பிறகு பார்ப்போம் என்றார்களாம்.

"நான் ஒருத்தர்ட்டயும் கேக்கல்ல," என்றார் உம்மம்மா. "அஸருக்குப் பொறகு எங்கட கொட்டிலுக்கு முன்னால தறப்பாள விரிச்சிட்டு இருந்தன். மொத நாள் நாலு புள்ள. மாசம் முடிய நாப்பது. அதுக்குப் பொறகுதான் நிர்வாகத்து ஆக்கள் வந்து பாத்தாங்க. பாத்துட்டுப் போய் ரெண்டு பாய் அனுப்பினாங்க."

பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன். அவர் ஹுதைபிய்யாவைப் பற்றிச் சொன்னார். உடன்படிக்கை முடிந்ததும் பலியிட்டுத் தலைமுடி களையுங்கள் என்று நபியவர்கள் மூன்று முறை சொல்லியும், கவலையில் இருந்த தோழர்கள் எழும்பவில்லை. நபியவர்கள் உம்மு ஸலமா (ரழி) அவர்களிடம் போய்ச் சொன்னார்கள். "நீங்கள் வெளியே போய், யாரோடும் பேசாமல், உங்கள் பிராணியை அறுத்து உங்கள் முடியைக் களையுங்கள்" என்றார்கள் அந்த அம்மையார். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். எல்லோரும் எழும்பிப் பின்தொடர்ந்தார்கள்.

"சொல்லி நடக்காததச் செஞ்சு காட்டோணும் புள்ள," என்று சொல்லிவிட்டு உம்மம்மா மறுபக்கம் திரும்பித் தூங்கிவிட்டார்.

விடிந்ததும் கொப்பியைத் திறந்து பேச்சைத் திருப்பி எழுதினேன். மேற்குலகப் பெண்களை நான் நீக்கவில்லை. அவர்களோடு எங்கள் பெண்களையும் நிறுத்தினேன். கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராகவும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்த ஜெஸீமா இஸ்மாயில். முஸ்லிம் பெண்கள் ஆய்வு, செயல் முன்னணியை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டும், திரும்பிப் போய்த் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒரே அமைப்பில் சேர்த்து வேலை செய்த ஷிரீன் சரூர். அதே மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கேயே பெண்களுக்காக நிறுவனம் நடத்தி, விவாகச் சட்டத் திருத்தத்துக்காகக் குரல் கொடுக்கும் ஜுவைரியா முஹிதீன். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று நாடு திரும்பிய பர்ஸானா ஹனீபா. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையை எழுதியவர்களில் முதன்மையானவர் அவர். மேற்கில் கற்ற ஒரு பெண் எங்கள் உம்மம்மாமாரின் கதையை எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார் என்று அறிந்தபோது உடம்பு சிலிர்த்தது. கடைசியாக, பெயர் சொல்லாமல், தறப்பாளில் இருந்து ஓதிக்கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். உம்மம்மாவின் கேள்வியையும் சபையிடம் கேட்டேன்.

எனக்கு மூன்றாம் இடம். தலைப்பை விட்டு விலகிப் போனதற்காகப் புள்ளி குறைத்ததாக நடுவர் ஒருவர் சொன்னார். அது நியாயம்தான். ஆனால் விடுதிக்கு வந்த பிறகு, எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படிக்கும் ஒரு தங்கச்சி என் கட்டிலருகே வந்து நின்றாள். "ராத்தா, எனக்கு வீட்டில பேசுறாங்க. நான் இன்னும் ஓ.எல். எழுதல்ல. என்ன சொல்லிக் கேக்கிற?" என்றாள். பேச்சில் நான் கேட்ட கேள்வி எவ்வளவு பாரமானது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருவரும் சேர்ந்து அவள் வாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். அவள் இந்த டிசம்பரில் பரீட்சை எழுதுகிறாள், இன்ஷா அல்லாஹ்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். போன மாதம் எங்கள் சாச்சாவின் மகளுக்கு நிகாஹ். சாச்சா மவுத்தாகி ஆறு வருடம். ஆண் சகோதரரும் இல்லாததால் வாப்பாதான் வலி. பதிவுப் புத்தகம் வந்து இருந்தது. வாப்பா கையெழுத்து வைக்காமல் எழும்பி உள்ளே வந்தார். என் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து மணப்பெண்ணிடம் கொடுத்து, "மகள், உனக்குச் சம்மதம் எண்டா உன்ட கையால எழுது. சட்டத்துல இதுக்கு இடமில்ல. எனக்கு வேணும்" என்றார். சொல்லும்போது அவர் ராத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ராத்தாதான் பேனையை எடுத்துக் கொடுத்தார்.

அவள் இரண்டு வரி எழுதினாள். ஒன்று, சம்மதம் என்பது. மற்றது, கல்வியியற் கல்லூரிப் படிப்பை முடிக்க விட வேண்டும் என்பது. வாப்பா அதைப் பந்தலுக்குக் கொண்டுபோய் வாசித்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை தாளை வாங்கி ஒரு முறை வாசித்துவிட்டு, அதன் கீழே தன் பெயரையும் எழுதினார்.

அந்தத் தாளுக்கு எந்த நீதிமன்றத்திலும் பெறுமதி இல்லை என்று எனக்குத் தெரியும். உயர்தரம் முடித்து நான் சட்டம் படிக்க விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போதைக்கு அது உம்மம்மாவின் பெட்டியில், புத்தளத்திலிருந்து வந்த குர்ஆனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.