லயக் காம்பராவில் ஒரு நூதனசாலை

ஹாலிஎலையில் நாம் புகையிரதம் ஏறியபோது மலைகளைவிட்டுப் பனி நீங்கியிருக்கவில்லை. தெமோதரை நிலையத்தின் கீழுள்ள சுரங்கத்துள் நுழைந்து, குன்றைச் சுற்றி வளைந்தேறி, அதே நிலையத்தின் மேடையில் வண்டி வந்து நிற்கும் விந்தையை எத்தனை முறை கண்டாலும் அலுப்பதில்லை. ஆயினும் அன்று நாம் புறப்பட்டது இயற்கைக் காட்சியை நாடியன்று; கம்பளைப் பக்கத்து நியூ பீகொக் தோட்டத்திலுள்ள பழைய லயமொன்றைக் காண்பதற்கே.

கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அதனைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக அமைத்தது. நூதனசாலை என்றதும் மணிமுடியும் உடைவாளும் நம் நினைவில் எழும். இங்கேயோ வீட்டுப் பாத்திரங்கள், தோட்டத்துக் கருவிகள், ஆபரணங்கள், மங்கிய புகைப்படங்கள், பழைய ஆவணங்கள்! 'இவையெல்லாம் நம் வீட்டுப் பரணிலும் கிடந்தனவே' என்ற எண்ணமே முதலில் எழுந்தது. சற்று வெட்கமாகவும் இருந்தது.

தோட்ட மக்களின் வாழ்வில் காகிதம் செய்த கொடுமை சிறிதன்று. முன்னாளில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அக்கடனை ஏற்க முன்வரும் தோட்டத்துக்கே அவன் மாற முடியும். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமோ, தந்தை இந்நாட்டிற் பிறந்ததற்கு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவர்க்கு அத்தகைய பத்திரம் எங்கிருந்து வரும்? 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. புறப்பட்டவர்கள் தகரப் பெட்டியில் அடங்கியதைக் கொண்டுபோயினர்; அம்மியும் ஆட்டுக்கல்லும் இஸ்தோப்பிலேயே நின்றுவிட்டன.

ஊவாவின் தோட்டங்களிலிருந்தும் அவ்வாறு போனவர்கள் பலர். அவர்கள் விட்டுச்சென்றவற்றைத் தேடும் எண்ணத்துடனேயே ஊர் திரும்பினோம். ஹாலிஎலைப் பக்கத்து லயமொன்றில் மூதாட்டி ஒருவரிடம் விசாரித்தோம். கவ்வாத்துக் கத்திகளைப் பழைய இரும்பு வாங்குபவனுக்குக் கொடுத்தாயிற்றாம். பின்னர் உள்ளே போய், மாமியார் மழையில் தலைக்குப் போட்டுக் கொழுந்தெடுத்த கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்தார். பல இடங்களில் பூச்சி அரித்திருந்தது. நூதனசாலையைப் பற்றிச் சொன்னோம். நெடுநேரம் அதனை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவர் மெல்லக் கேட்டார்:

"அங்க வச்சா, எங்க அத்தை பேரையும் எழுதி வைப்பாகளா, தம்பி?"