கீரிப்பாறை: காளியன்னையின் காட்டில் கடல் கடந்து வந்த மரம்

நாகர்கோவிலிலிருந்து வடக்கே செல்லும் சாலையில் முதலில் தரிசிக்க வேண்டியவர் பூதப்பாண்டியில் எழுந்தருளியுள்ள பூதலிங்கசுவாமி. பாறையைக் குடைந்தமைத்த கருவறை. உடனுறை அன்னை சிவகாமி. அருகில் பழையாறு, அதற்கப்பால், ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போன்ற தாடகை மலை. இறைவனை வணங்கிவிட்டு மேலும் வடக்கே பயணித்தால் வயல்கள் மெல்லக் குறைந்து, தடிக்காரன்கோணம் தாண்டியதும் காற்றில் குளிர்ச்சி ஏறுகிறது. அடுத்துக் கீரிப்பாறை. அதற்கும் உள்ளே, ஆற்றங்கரைப் பாறைகளுக்கிடையே, காளிகேசம்.

அன்பர்கள் பலர் காளியன்னையை நாடியே இவ்வழி வருகின்றனர். ஆனால், வழிநெடுக நம்மைத் தொடர்ந்து வருவது ரப்பர் மரங்களின் அணிவகுப்பு. 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழக அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இப்பகுதியில் உள்ளன. ஒவ்வொரு மரத்திலும் சாய்வாகக் கீறிய தழும்பு. அதன் கீழ் பால் ஏந்தும் சிரட்டை. காற்று குளிர்ந்திருக்கும் வேளையில்தான் பால் நன்கு சுரக்கும் என்பதால், பொழுது புலருமுன்னே பால்வெட்டுத் தொழிலாளர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நுழைந்துவிடுகின்றனர். நாம் மார்கழித் திருப்பள்ளியெழுச்சிக்கு விழிக்கும் நேரத்தில் இவர்கள் பல மரங்களை முடித்திருப்பர். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் ஊனமுறும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்தக் கைநிதானம் எளிதில் வாய்ப்பதன்று.

இம்மரம் நம் நாட்டது அன்று. இதன் தாய்மண் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலில் திரட்டிய சுமார் 70,000 விதைகளை லண்டன் நகரை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தவை மிகச் சொற்பம், இரண்டாயிரத்துச் சில்லறைதான். அவற்றில் பெரும்பகுதி அவ்வாண்டே இலங்கைக்குக் கப்பலேறியது. அங்கிருந்து ஆசியாவெங்கும் பரவிற்று. 1902-இல் திருவிதாங்கூரில், பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தோட்டம் எழுந்தது. விக்காமைத் திருடன் என்பாரும் உண்டு; அன்று அதைத் தடுக்கும் சட்டமே இல்லை என்று வாதிடுவாரும் உண்டு. அவருக்கு 1920-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. விதையைத் தந்த காட்டு மக்களுக்குக் கிடைத்தது எதுவுமில்லை என்பதே என் மனத்தை உறுத்துகிறது. அதனினும் கொடியது, பெரு நாட்டுப் புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் ரப்பர் சேகரிக்கப் பழங்குடியினர் அடிமைகளாக வதைக்கப்பட்டது. 1910-இல் நேரில் சென்று அதை விசாரித்து உலகுக்கு உரைத்தவர் ரோஜர் கேஸ்மென்ட். அக்காலத்தில் ரப்பர்ச் செல்வத்தால் பிரேசிலின் மனாஸ் நகரில், நடுக்காட்டில், ஐரோப்பியப் பளிங்கும் இரும்பும் வரவழைத்துக் கட்டிய இசைநாடக அரங்கு 1896-இல் திறக்கப்பட்டது. இன்றும் அது நிற்கிறது. ஆசியத் தோட்டங்களின் ரப்பர் சந்தைக்கு வந்ததும் அந்நகரின் வாழ்வு சரிந்தது.

அந்நிய மரம் அன்னையின் காட்டில் நிற்கலாமா என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. நைவேத்திய வெண்பொங்கலில் நெய்யில் வறுத்துச் சேர்க்கிறோமே, நாஞ்சில் நாட்டார் அண்டிப்பருப்பு என்னும் முந்திரி, அதுவும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததுதான்!

இதைவிட வியப்பான செய்தி ஒன்று. மெக்சிகோ நாட்டின் வெராக்ரூஸ் பகுதியில் எல் மனாட்டி என்னும் மலையடிவாரச் சுனை உண்டு. 1980-களின் இறுதியில் அங்குச் சேற்றை அகழ்ந்த ஆய்வாளர்கள் பச்சைக்கல் கோடரிகளையும், மரத்தில் செதுக்கிய மனித உருவங்களையும், அவற்றுடன் ரப்பர்ப் பந்துகளையும் கண்டெடுத்தனர். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட பந்துகள்! அவற்றைத் தெய்வத்துக்குரிய காணிக்கைகளாகவே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அது வேறு இன மரத்தின் பால்தான். எனினும் மரத்தில் கசிந்த பாலை உருட்டி, மலையடி நீரில் தெய்வத்துக்கு இட்டனர் என்பதை எண்ணும்போது காளிகேசம் ஆற்றங்கரையில் நிற்பவருக்கு மெய்சிலிர்க்கும். பின்வந்த ஆஸ்டெக் மக்களும் உருக்கிய ரப்பரைத் தாளில் துளித்துளியாகத் தெளித்து மழைத்தெய்வத்துக்குப் படைத்தனர். மழைக்கு ஏங்கும் உள்ளம் எந்நாட்டிலும் ஒன்றுதானே.

காளிகேசத்தில் அன்னையின் சந்நிதி எளியது. வானளாவிய கோபுரமோ நெடிய பிராகாரமோ இல்லை. கேசம் என்ற சொல் கேட்டதுமே அன்னையின் விரிகூந்தல் நினைவில் எழும். பாறைகளில் பிரிந்து பிரிந்து இறங்கும் நீரைக் காண்கையில் அந்நினைவு மேலும் வலுப்பெறும்.

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்தின் ரப்பர் மரங்கள் ஏராளமாக முறிந்து சாய்ந்தன. புதிதாக நட்ட கன்று பால் தர ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகும். அதுவரை பால்வெட்டை நம்பிய வீடுகளில் அடுப்பெரிவது எங்ஙனம்? அன்னையிடம் நமக்காக வேண்டும்போது இவர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

காளிகேசம் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. மழைக்காலத்தில் ஆற்றில் திடீரென வெள்ளம் பெருகும்; அந்நாட்களில் அனுமதி மறுக்கப்படுவதுண்டு. பாறைகள் வழுக்கும், முழங்கால் வலியுள்ள பெரியோர் துணையின்றி நீரில் இறங்க வேண்டாம். கோடையில், காலைப்பொழுதில் செல்வது நலம். பூமாலையைப் பிளாஸ்டிக் பையில் அன்றி வாழையிலையில் பொதிந்து எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் பூதப்பாண்டியில் மாலை தீபாராதனையும் காணலாம்.