உப்பு தின்ற வண்டி

மகள் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அந்த ஷெட். நடுவில் ஒரு தெரு, இரண்டு புல்தரை, ஒரு மேப்பிள் மரம். மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் நகரத்தை ஒட்டிய சின்ன ஊர். மே மாதம் நாங்கள் போய் இறங்கிய மறுநாள், தூக்கம் பிடிக்காமல் விடியற்காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் முதலில் பார்த்தேன். ஷெட் கதவு மேலே ஏறியிருந்தது. உள்ளே ஒரு பழைய பிக்கப் வண்டி, சக்கரமில்லாமல், நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது. பானெட் இல்லை. கதவுகள் இல்லை. மட்கார்டுகள் சுவரில் சாய்ந்து கிடந்தன. வண்டியைச் சுற்றி ஒரு பெரியவர் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்.

எழுபது வயது இருக்கும். நீலச் சட்டை, முழங்கால் வெளுத்த கால்சட்டை. ஒரு கையில் சின்னக் காந்தம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கிற பொம்மைக் காந்தம்தான். அதை வண்டியின் உடம்பில் ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். ஒட்டினால் அடுத்த இடம். ஒட்டாமல் நழுவினால், அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். சாய்ந்து கிடந்த முன்மட்கார்டின் கீழ்ப்பகுதி, கதவுக்கு அடியில் ஓடும் படி, கேபினின் பின்மூலைகள் இரண்டு, பின்பக்கச் சரக்குப் பெட்டியின் சக்கர வளைவுகள். வெயில் ஏறுவதற்குள் வண்டி முழுக்க வெள்ளை வட்டங்கள்.

எனக்கு அது புரிந்தது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளின் சத்தத்தில் வளர்ந்தவன் நான். காந்தம் நழுவுகிற இடத்தில் இரும்பு இல்லை, பட்டி இருக்கிறது.

அன்று பகல் முழுவதும் வட்டங்களைக் கொத்தினார். உதிர்ந்தது பெயிண்ட் அல்ல, சுவர்க்காரை போலப் பட்டை பட்டையாக விழுந்தது. ஓரிடத்தில் அதற்குக் கீழே கம்பி வலை வந்தது. துரு தின்ற ஓட்டையில் வலையைத் திணித்து, மேலே விரல்கனத்துக்குப் பட்டியை அப்பி, தேய்த்து, வர்ணம் அடித்து யாரோ எப்போதோ விற்றிருக்கிறார்கள். பெரியவர் அந்த வலையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். குப்பைத் தொட்டியில் போடவில்லை. சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். நாங்கள் ஊர் திரும்பும்வரை அது அங்கேயே தொங்கியது.

நம் பேச்சில் மேலோட்டமாக ஒன்றைச் சரிக்கட்டுவதைப் 'பட்டி டிங்கரிங் பார்ப்பது' என்கிறோம். பட்டறையில் வரிசை அதுவல்ல. டிங்கரிங் முதலில், பட்டி பிறகு. தகட்டை எவ்வளவு தூரம் சுத்தியலால் கொண்டுவர முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுவந்த பின், மிச்சமிருக்கும் நூலளவுப் பள்ளத்துக்குத்தான் பட்டி. அந்த வரிசையை மாற்றுகிறவன் வண்டியைச் செப்பனிடவில்லை, மறைக்கிறான். எதிர்வீட்டில் ஐந்து மாதமும் நான் பார்த்தது அந்த வரிசையைத்தான்.

வண்டி 1972 மாடல் ஷெவர்லே சி10. 1967 முதல் 1972 வரை ஆறு வருஷம் மட்டுமே வந்த உடலமைப்பு அது. கட்டம் கட்டமான அந்த முகப்புக் கம்பி கடைசி இரண்டு வருஷத்துக்கு உரியது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒரு சின்னத் தகடு அறைந்திருக்கும். ஒரு சனிக்கிழமை வந்திருந்த பேத்திக்கு அதைக் காட்டினார். பன்னிரண்டு வயதுப் பெண். எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். நடுவில் 'எஃப்' வந்ததும் நிறுத்தச் சொன்னார். "எஃப் என்றால் பிளின்ட். இங்கேதான் பிறந்தது." ஷெவர்லே டிரக் தொழிற்சாலை 1947இலிருந்து அந்த ஊரில் இருக்கிறது. தகட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி விளிம்பை நகத்தால் அழுத்தினாள் பேத்தி. கடைசிவரை அதன் மேல் ஒரு துளி வர்ணம் படவில்லை.

பிறந்த ஊரே அதைத் தின்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், பனிக்கட்டி இளகுவதற்கு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பரந்த உப்புப் படுகை இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்பே சுரங்கம் வெட்டி உப்பை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மேலே கார் செய்கிற ஊர், கீழே காரைக் கரைக்கிற உப்பு. சக்கரம் வாரியடிக்கும் உப்புச் சேறு மட்கார்டின் உள்மடிப்பில், கேபின் மூலையில், தண்ணீர் வடிய வழியில்லாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளியே பெயிண்ட் கொப்புளம் கிளம்பும்போது உள்ளே தகடு தாளாகியிருக்கும்.

ஜூன் முழுக்க வெட்டுதல், ஒட்டுதல். இந்த வண்டிக்கு மூலைத் தகடும் படித் தகடும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அவற்றை அப்படியே மேலே வைத்துப் பற்றவைத்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இவர் துருவைத் தாண்டி, நல்ல இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை வெட்டினார். அட்டையில் அளவெடுத்து, புதுத் தகட்டை அதற்குள் பொருந்த நறுக்கினார். பிறகு வெல்டிங். கோடாக இழுக்கவில்லை. இந்த மூலையில் ஒரு பொட்டு, அந்தக் கடைசியில் ஒரு பொட்டு, நடுவில் ஒரு பொட்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு முகமூடியைத் தூக்கிவிட்டு, கைகட்டி நின்று, சூடு ஆறக் காத்திருப்பார். தொட்டுப் பார்த்து, கை பொறுத்தால்தான் அடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பொறுமை தவறியது. வலப்பக்கப் பெட்டித் தகட்டில் பொட்டுகள் மளமளவென்று விழுந்தன. மாலையில் அவர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபோது 'டொப்' என்று உள்ளே போனது. விட்டதும் 'டொப்' என்று வெளியே வந்தது. தெருவைத் தாண்டி எனக்குக் கேட்டது. சூட்டில் தகடு விரிந்து தளர்ந்துவிட்டது. பட்டியால் அதை மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை அந்தத் துண்டு முழுவதையும் வெட்டி எடுத்து, முதலிலிருந்து தொடங்கினார்.

சுத்தியல் வேலை எனக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரி. உள்பக்கம் டாலி என்கிற கையடக்க இரும்புக் கட்டி. வெளியே தட்டை முகச் சுத்தியல். டாலிக்கு நேர் மேலே அடித்தால் 'டிங்' என்று கெட்டியான சத்தம், தகடு நீளும். டாலியை விட்டுத் தள்ளி அடித்தால் சத்தம் மந்தம். மேடு இறங்கும், பள்ளம் ஏறும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே அவர் எந்த அடி அடிக்கிறார் என்று சொல்லிவிடலாம். ஓங்கி அடித்து நான் ஒருநாளும் பார்க்கவில்லை. மணிக்கட்டு மட்டும் அசையும்.

ஜூலையில் பட்டி. பழைய காலத்தில் இந்த இடத்தில் ஈயத்தை உருக்கி, மரக்கரண்டியால் தடவித்தான் பள்ளம் நிரப்பினார்கள். இப்போது ரெசின் மாவு. பலகையில் ஒரு உருண்டை எடுத்து, பக்கத்தில் சிவப்புக் குழம்பை ஒரு கோடு பிதுக்கி, காற்றுக்குமிழ் ஏறாமல் மடித்து மடித்துக் கலக்குவார். நிறம் ஒரே சீராக வந்ததும் நான்கைந்து நிமிஷம்தான். அதற்குள் பூசி முடிக்க வேண்டும், பிறகு கல். கொளுத்துகிற வெயிலில் அந்த நேரமும் குறையும். ஆகவே அவர் பட்டி பூசியதெல்லாம் காலை எட்டு மணிக்கு முன்னால். பூசியது தோசையைவிட மெல்லியது. அதிலும் முக்கால்வாசியைத் தேய்த்தே எடுத்துவிடுவார்.

தேய்ப்புதான் இந்த வேலையின் பெரும்பகுதி. ஒன்றரை அடி நீளப் பலகையில் 80 நம்பர் உப்புத்தாள். நேராக இழுப்பதில்லை; குறுக்காக ஒரு சாய்வு, பிறகு எதிர்ச்சாய்வு. கையால் தேய்த்தால் விரல் போகிற இடமெல்லாம் பள்ளமாகும். நீளப்பலகை மேட்டை மட்டும் தொடும். பிறகு 180. வெள்ளைத் தூசி மேப்பிள் மரத்தடிவரை வந்து படிந்தது. அவருடைய மனைவி தினமும் சாயங்காலம் வெளியே வந்து, சட்டையை உதறச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார்.

தேய்த்து முடித்ததும் அந்தச் சடங்கு. ஒரு மெல்லிய பருத்தித் துணியைத் தகட்டின் மேல் விரித்து, அதன் மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைப்பார். தலையைத் திருப்பி வேறெங்கோ பார்ப்பார். கை மட்டும் முன்னும் பின்னும் நீளமாகப் போய் வரும். கண்ணுக்கு எட்டாத பள்ளம் கைக்கு எட்டும். துணி இருந்தால் கை ஒட்டாமல் வழுக்கி, இன்னும் நன்றாகச் சொல்லும். ஓரிடத்தில் கை நிற்கும். திரும்பிப் போகும். மறுபடி அதே இடத்தில் நிற்கும். பென்சிலால் ஒரு குறி. நாமக்கல்லில் பேர்போன டிங்கர் ஒருவர் இப்படித்தான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு தடவுவார். ஏழு கடல் தாண்டி அதே கை, அதே முகம். ஒருநாள் பேத்தியின் கையை எடுத்துத் துணியின் மேல் வைத்து, தன் கையை அவள் கைமேல் வைத்துக்கொண்டு தடவினார். நான்காவது தடவையில் அவள் நின்றாள். "இங்கேயா தாத்தா?" அவர் பென்சிலை அவளிடம் கொடுத்தார்.

ஆகஸ்டில் சாம்பல்நிறப் பிரைமர். அதன் மேல் கறுப்பைத் தூரத்திலிருந்து தூவலாக அடித்தார். 320 நம்பர் தாளால் தேய்த்தால் மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். வண்டி முழுக்க அம்மைத் தழும்பு போலக் கறுப்புப் புள்ளிகள். மறுபடி பிரைமர், மறுபடி தூவல், மறுபடி தேய்ப்பு. மூன்று சுற்று எண்ணினேன். மூன்றாவது சுற்றில் ஒரு புள்ளியும் மிஞ்சவில்லை.

நிறத்துக்கு அவர் எங்கும் அலையவில்லை. கேபினுக்குள்ளே, பொருள் வைக்கும் சின்ன அறையின் மூடிக்குப் பின்னால் வெயில் படாத பழைய பச்சை இருந்தது. மூடியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டுக் கலந்து வந்தார். சின்னத் தகடுகளில் அடித்து வெயிலிலும் நிழலிலும் ஒரு வாரம் வைத்தார். கரும்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் வண்டிக்கு 'டூகோ' அடிப்பது என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல் பிறந்தது அமெரிக்காவில். காருக்கு வார்னிஷ் பூசி உலர்த்தி முடிக்க வாரக்கணக்காகிக்கொண்டிருந்த 1920களில், டூபான்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து கொண்டுவந்த, சீக்கிரம் உலரும் லேக்கரின் பெயர் டூகோ. 1924 மாடல் ஓக்லண்ட் காரில் நீலநிறமாக அது முதலில் ஓடியது. நாமக்கல் பெயிண்டர் வாயில் நான் கேட்ட சொல்லின் பிறந்தகத்துக்கு எதிர்வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

வர்ணம் அடிக்கும் நாள் இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் மழை, காற்றில் ஈரம். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை வானம் துடைத்தாற்போல இருந்தது. முந்தின இரவே ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் குழாய்களை நட்டு, கண்ணாடித் தாளால் கூடாரம் கட்டியிருந்தார். காற்றாடியை வெளியே இழுக்கும்படி வைக்காமல், வடிகட்டி வழியாக நல்ல காற்றை உள்ளே தள்ளும்படி வைத்தார். பெயிண்ட் புகை மோட்டாரின் மேல் போனால் ஒரு பொறி போதும். தூசி எழாமலிருக்கத் தரையை நனைத்தார். உடம்பெல்லாம் மூடிய வெள்ளை அங்கி. முகத்தை முழுக்க மூடிய கவசத்துக்கு வெளியிலிருந்து தனிக் குழாயில் காற்று வந்தது. இன்றைய இரண்டு பாகப் பெயிண்டின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமாதான். இதைச் சொந்தமாகச் செய்ய நினைக்கிற யாரும் மற்றதில் மிச்சம் பிடிக்கட்டும், இதில் பிடிக்கக் கூடாது. அவருடைய மனைவி நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்து, கண்ணாடித் தாள் வழியாக அவர் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு பச்சை மூட்டம். நிழல் இடமிருந்து வலம் போகும், வலமிருந்து இடம் வரும். கை வளையாது, உடம்பே கையோடு நடக்கும். ஒரு வீச்சின் பாதிமேல் அடுத்த வீச்சு. ஒரு பூச்சு முடிந்ததும் பதினைந்து நிமிஷம் அசையாமல் நிற்பார். மூன்று பூச்சு. அரைநாள். நான்கு மாத உழைப்புக்கு அரைநாள் வர்ணம்.

மறுவாரம் அந்தப் பளபளப்பின் மேலேயே 1500 நம்பர் தண்ணிப் பேப்பரைப் போட்டுத் தேய்த்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சு பதறியது. பச்சை மங்கி, சாம்பல் பூத்தது. ஆரஞ்சுத் தோல் போன்ற நுண்ணிய மேடுகளும், ஈரத்தில் விழுந்து ஒட்டிய ஒரு விட்டில்பூச்சியின் தடமும் அப்படித்தான் போகும். பிறகு 2000, பிறகு பாலிஷ் சக்கரம். சாயங்காலம் முன்மட்கார்டில் மேப்பிள் மரம் கிளை கிளையாகத் தெரிந்தது. எந்தக் கிளையும் நெளியவில்லை.

அக்டோபர் கடைசியில் வண்டி கூடியது. பின்கதவில் அழுந்தி எழும்பிய எழுத்துகளுக்குப் பேத்தி சின்னத் தூரிகையால் வெள்ளை தீட்டினாள். ஒரு மத்தியானம் இருவரும் தெருக்கோடிவரை ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். இறங்கும்போது அவர் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். ஐந்தரை மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

நவம்பர் முதல் வாரம் நாங்கள் கிளம்பிய அன்று ஷெட் கதவு இறங்கியிருந்தது. அந்த வாரமே முதல் பனியும், அதன் பின்னால் உப்பு வண்டியும் வந்ததாக மகள் சொன்னாள். ஏப்ரல் மூன்றாவது வாரம் போன் வந்தது.

"ரெண்டு நாளா நல்ல மழைங்கப்பா. தெருவுல இருந்த உப்பெல்லாம் கழுவிப் போயிருச்சு. இன்னைக்குக் காலைல எதுத்த வீட்டு வண்டி வெளிய வந்துருச்சு."