ரெண்டு துண்டு இரும்பும் ஒரு பிரசவ கேஸும்

1/ ஜீப் ஷேக்கிள் பத்தி ஒரு டாக்டர் ஏன் த்ரெட் போடுறான்னு தோணலாம். காரணம் இருக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ ஜவ்வாது மலையில ஒரு பி.எச்.சி.யில வேலை பார்த்தப்போ பழைய லீஃப் ஸ்பிரிங் ஜீப் ஒண்ணு வாங்கினேன். ஜமுனாமரத்தூர்ல இருந்து போளூர் இறங்குற ரோடு பிரச்னையே இல்ல. அந்த ரோட்டைத் தொடுறதுக்கு முன்னாடி இருக்குற கல்லும் ஓடையும்தான் பிரச்னை.

3/ முதல்ல ஷேக்கிள்னா என்ன? பட்டையோட ஒரு முனை சேஸிஸ்ல நிலையா மாட்டியிருக்கும். பள்ளத்துல விழுந்தா வளைஞ்ச பட்டை நிமிரும், நீளமும் கூடும். கூடுற நீளத்துக்கு இடம் கொடுக்க, இன்னொரு முனை ரெண்டு இரும்புத் தகடுல ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஊஞ்சல்தான் ஷேக்கிள். (புது தார், ஜிம்னி வெச்சிருக்கவங்களுக்கு இந்தக் கவலை இல்ல. ரெண்டும் காயில் ஸ்பிரிங்.)

4/ என் வண்டியில பழைய ஷேக்கிள் தேய்ஞ்சு 'டொக் டொக்'னு சத்தம். கடையில சிவப்பு பெயின்ட் அடிச்ச, 2 இன்ச் நீளமான 'ஹெவி டியூட்டி' செட் பார்த்தேன். விலையும் கம்மி, வண்டியும் உயரமா கெத்தா நிக்கும். பட்டறை அண்ணன், "இது வேணாம் சார், தகடு மெலிசா இருக்கு"ன்னார். நான் கேக்கல.

5/ ரெண்டு மாசம் கழிச்சு, ஒரு ராத்திரி. தலைப்பிரசவம், வலி வந்துடுச்சு, பிரஷர் 160/110, தலைவலி. ஊருக்கே போய் மக்னீசியம் சல்பேட் போட்டு, ஜீப்ல ஏத்தினோம். 108 தார் ரோட்டுல காத்திருந்துச்சு. நடுவுல 4 கிலோமீட்டர்.

6/ ஓடையில ஒரு சக்கரம் ஏறி இன்னொண்ணு இறங்கினப்போ 'படார்'னு சத்தம். பின்பக்க ஷேக்கிள் பக்கவாட்டுல மடங்கி, போல்ட் மரைகிட்ட துண்டாகி, டயர் பாடியில உரசுது. ஜாக்கி போட்டு, பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவுல கட்டையை வெச்சு, கயித்துல இறுக்கிக் கட்டி நகர்த்த 35 நிமிஷம் ஆச்சு. அவங்க அம்மா டார்ச் பிடிச்சு நின்னாங்க. ஒரு வார்த்தை பேசல.

7/ தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. அந்த 35 நிமிஷத்துல ஃபிட்ஸ் வந்திருந்தா இந்தத் த்ரெட்டே இருந்திருக்காது. நான் மிச்சம் பிடிச்சது எழுநூறு ரூபாய்.

8/ சரி, மேட்டருக்கு வருவோம். ஷேக்கிள் பெரும்பாலும் மேல்-கீழ் பளுவுல உடையாது. வண்டி முறுக்கும்போது வர்ற பக்கவாட்டு விசையிலதான் மடங்கும். அதனால ரெண்டு தகட்டையும் நடுவுல குறுக்குப் பாலம் வெச்சு வெல்ட் பண்ணின 'எச்' வடிவம் வாங்குங்க. தகட்டோட கனத்தை அளந்து பாருங்க, ஒரிஜினலை விடக் குறையக் கூடாது. ஓட்டை டிரில் பண்ணினதா இருக்கணும். கேஸ் கட்டிங்ல எரிச்சது வேண்டவே வேணாம்.

9/ போல்ட் தலையைப் பாருங்க. 8.8 இல்ல 10.9னு எழுதியிருக்கணும். எதுவும் எழுதலைன்னா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுங்க. தகடு உக்கார்ற இடத்துல மரை வரக் கூடாது, வழுவழுப்பான பகுதிதான் வரணும். என்னுது உடைஞ்சது சரியா அந்த இடத்துலதான். நட்டு, நைலாக்.

10/ நீளத்துக்கு ஆசைப்படாதீங்க. ஷேக்கிளை 2 இன்ச் நீட்டினா வண்டி சுமார் 1 இன்ச்தான் ஏறும். ஆனா பக்கவாட்டு நெம்புகோல் நீளமாகும். முன்பக்கம் போட்டா கேஸ்டர் கோணம் மாறி ஸ்டீரிங் அலையும். உயரம் வேணும்னா பட்டையை மாத்துங்க.

11/ புஷ்ஷுங்கிறது மூட்டுல இருக்குற குருத்தெலும்பு மாதிரி. ரப்பர் அதிர்வை நல்லா வாங்கும். பாலியூரித்தேன் ரொம்ப நாள் உழைக்கும், ஆனா கிரீஸ் வைக்கலைன்னா கத்தும். ரப்பர் புஷ்னா வண்டியைத் தரையில இறக்கி, பளு வந்த பிறகுதான் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கணும். ஜாக்கியில தொங்கும்போது இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

12/ கடைசியா, சேஸிஸ்ல இருக்குற ஹேங்கரைப் பாருங்க. எலும்பு உளுத்துப்போயிருந்தா எவ்வளவு நல்ல பிளேட் வெச்சாலும் ஸ்க்ரூ பிடுங்கிக்கும்னு ஆர்த்தோ சார் சொல்லுவார். இங்கயும் அதே கதைதான். துருவும் விரிசலும் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

13/ மறுநாளே அதே பட்டறை அண்ணன்கிட்ட போனேன். "நான்தான் சொன்னேனே"ன்னு ஒரு தடவை கூட சொல்லல. நல்ல செட் மாட்டிக் கொடுத்துட்டு, "200 கிலோமீட்டர் ஓடினதும் வாங்க சார், போல்ட்டைத் திரும்ப இறுக்கணும்"னு மட்டும் சொன்னார். சொன்ன மாதிரியே போனேன்.

14/ மலையில போஸ்டிங் வாங்கியிருக்குற தம்பி தங்கச்சிகளே, உங்க வண்டியில நாளைக்கு யாரை ஏத்துவீங்கன்னு உங்களுக்கே தெரியாது. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டார்ச் எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில ஒரு தடவை படுத்துப் பாருங்க. சந்தேகம்னா போட்டோ அனுப்புங்க, பட்டறை அண்ணன்கிட்ட காட்டிக் கேட்டுச் சொல்றேன்.