பச்சை மலைச் சுற்றில் ஒரு நாள்

ஜேர்மனி நாட்டின் மேற்குப் பகுதியிலே, கொலோன் நகரிலிருந்து தெற்கு நோக்கி ஏறக்குறைய 90 கிலோமீற்றர் சென்றால் ஐஃபெல் என்னும் மலைநாடு எதிர்ப்படும். மலைநாடு என்றவுடன் நம் நுவரெலியாவை நினைந்துவிடல் வேண்டா. அத்துணை உயரமில்லை. ஊசியிலைக் காடும், புற்றரையும், இடையிடையே சிற்றூர்களுமாக அலையலையாய்ப் படுத்துக் கிடக்கும் குன்றுகள் அவை. ஒரு குன்றின் உச்சியில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோட்டையொன்று இடிந்து நிற்கிறது. நூர்பூர்க் என்பது அதன் பெயர். அக்கோட்டையைச் சூழ்ந்து காட்டினூடே வளைந்தோடும் ஒரு வீதியைக் காணவே சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாம் அங்குப் போனோம்.

வீதி என்பது பொருத்தமான சொல்லே. 1925இல் வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் நோக்கமும் சேரத் தொடங்கப்பெற்று, 1927 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்ட மோட்டார்ப் பந்தயத் தடம் அது. நூர்பூர்க்றிங் என உலகெங்கும் வழங்கும். அதன் வடசுற்று மட்டும் 20.8 கிலோமீற்றர் நீளமுடையது. வளைவுகள் 73 எனக் கணக்கிட்டுள்ளனர். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறத்தாழ 300 மீற்றர் வேறுபாடு. ஸ்கொட்லாந்து வீரர் ஜாக்கி ஸ்டுவார்ட் இதற்குப் 'பச்சை நரகம்' எனப் பெயரிட்டார். 1976 ஆகஸ்ட் 1ஆந் திகதி, உலக வீரர் நிக்கி லௌடாவின் கார் இங்கே தீப்பற்றி எரிந்தது. உடன் ஓடிய வீரர்கள் தத்தம் கார்களை நிறுத்திவிட்டு ஓடி வந்து அவரை நெருப்பினின்றும் இழுத்தெடுத்தனர். ஆறு வாரங்களில் அவர் மீண்டும் பந்தயத்துக்கு வந்தார் என்பது வேறு கதை. அந்த உலகப் பந்தயம் வடசுற்றுக்கு மீண்டும் வரவில்லை. அதற்கெனப் பக்கத்தில் குறுகிய புதிய தடம் ஒன்றை 1984இல் திறந்தனர்.

ஆனால் பழைய சுற்று மூடப்படவில்லை. குறித்த நாள்களில் பணங் கட்டி எவரும் தத்தம் காரை ஓட்டலாம். சட்டத்தின் கண்ணுக்கு அது ஒருவழி வீதி. நாட்டின் வீதிச் சட்டம் அங்கும் செல்லும். வலப்புறமாக முந்துதல் குற்றம். போட்டியும் நேரங் கணித்தலும் விலக்கு. வண்டியின் ஓசைக்கும் எல்லை உண்டு. இரும்பு வேலியில் மோதியவர் வேலிக்கும், மீட்பு வண்டிக்கும், தடம் மூடிக்கிடந்த நேரத்துக்குங்கூடப் பணங் கட்ட நேரிடும். காப்புறுதி நிறுவனங்கள் பல இவ்விடத்துச் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை.

இவ்வளவையும் விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. கொலோனுக்கு அண்மையில் வாழும் எம் மருமகன் இத்தடத்தில் ஓடுவதற்கென்றே ஒரு காரை வைத்திருக்கிறார். மோட்டார் திருத்துந் தொழிலை அந்நாட்டிலேயே முறையாகக் கற்றவர். மனைவியும் மூன்று வயது மகளும் உடையவர். யாழ்ப்பாணத்திலிருக்கும் எம் தமக்கையாரோ நாம் புறப்படுமுன், "உழைக்கிறதெல்லாம் அந்தக் காருக்குள்ளதான் கொட்டுறானாம். நீ ஒருக்காப் போய்ப் பார்த்து, படிச்சவன், நாலு புத்தி சொல்லிப்போட்டு வா" என்று கட்டளையிட்டிருந்தார். புத்தி சொல்வதற்கு முன் பொருளை அறிதல் ஆசிரியத் தொழிலின் முறையாதலின், முதலில் அந்தக் காரைப் பார்க்கத் துணிந்தோம்.

வாடகைக்கு எடுத்த கொட்டகையில் நின்றது கார். சுபாரு இம்பிரெசா, இரண்டு லீற்றர் எஞ்சின், நான்கு சில்லுகளும் உந்தும் வகை. முகப்பு மூடியின்மேல் மூக்குத் துவாரம்போல ஒரு திறப்பு. "இது ஏன் தம்பி?" என்றோம். "டர்போவுக்குத்தான் மாமா" என்று தொடங்கியவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. அவர் சொன்னதை மாணவருக்கு விளங்குமாறு சுருக்கித் தருகிறோம்.

கொல்லன் உலையிலே துருத்தி ஊதினால் நெருப்புக் கொழுந்துவிடுகிறதல்லவா? எஞ்சினுக்கும் அவ்வாறே. காற்று மிகுந்தால் மிகுதியான பெற்றோலை எரிக்கலாம், வலுவும் மிகும். துருத்தியை ஊத ஆள் வேண்டுமே. அந்த ஆள் வெளியேறும் புகைதான். புகை ஒரு சிறு சுழலியைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சுழலி காற்றை நெருக்கி உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் அத்தண்டு சுழலும். சுவிற்சர்லாந்து அறிஞர் அல்பிரெட் பூக்கி இதற்கு 1905இலேயே காப்புரிமை பெற்றார். விற்பனைக் கார்களில் அது ஏறியது 1962இல், அமெரிக்காவில்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை அறிவோம். நெருக்குண்ட காற்றுச் சூடேறும். சூடேறிய காற்றோடு கலந்த பெற்றோல், பொறி தட்டுமுன்னரே தானாக வெடித்து எஞ்சினைச் சிதைக்கக் கூடும். அக்காற்றைக் குளிர்விக்கும் தட்டத்துக்குக் காற்றோட்டம் கொடுப்பதே அந்த மூக்குத் துவாரம். தொழிற்சாலை அமைத்த இடம் எஞ்சினின் தலைக்குமேல். நின்றால் எஞ்சின் சூட்டிலே அதுவும் வேகும். ஆகவே மருமகன் பெரியதொரு தட்டத்தை வண்டியின் முன்முகத்துக்கு மாற்றியிருந்தார். அதையும் விடவில்லை பரிசோதனை நிலையத்தார். அந்நாட்டில் இத்தகைய மாற்றங்களைச் சோதித்து வாகனப் பத்திரத்தில் பதியவேண்டும். பதியாவிடில் வீதியில் ஓடும் உரிமையே போய்விடும். ஒரு கட்டுப் பத்திரத்தைக் கோயிற் கணக்குப்போல் அடுக்கி வைத்திருந்தார்.

"இப்ப எத்தனை குதிரை வலு கூட்டினனீர்?" என்று வினவினோம். தமக்கையாருக்குச் சொல்ல ஒரு கணக்கு வேண்டுமே. "ஒன்றும் கூட்டேல்லை மாமா" என்றார். நாம் எதிர்பார்த்த விடை அதுவன்று. கணினியில் சில எண்களை மாற்றிக் காற்றழுத்தத்தை உயர்த்துவது ஒரு பிற்பகல் வேலையாம். அதற்குப் பின் எஞ்சினைக் காப்பதுதான் வேலையாம். அவர் கொட்டிய பணம் போன வழிகளைக் கேட்டு எழுதிக்கொண்டோம். எஞ்சின் ஒயிலுக்குத் தனிக் குளிர்விப்பான். நீண்ட வளைவுகளில் ஒயில் ஒருபக்கம் ஒதுங்கினால் பம்பு வெறுங் காற்றை உறிஞ்சும். சில விநாடிகளில் எஞ்சின் தேய்ந்து போகும். அதனைத் தடுக்க அடித்தொட்டியில் தடுப்புத் தகடுகள். அதிக சூடு தாங்கும் பிரேக் கட்டைகள். ரயர்கள். எல்லாவற்றிலும் மலிவானதும், அவர் அதிகம் பேசியதும் பிரேக் திரவமே.

அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 எனப்படும் வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் உண்டபின் 155 பாகையிலேயே கொதிக்கக் கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் தோன்றும். திரவம் அழுத்தத்துக்கு ஒடுங்காது, ஆவி ஒடுங்கும். மிதியைக் கால் மிதிக்கும், கார் நில்லாது.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டோம். மருமகள் ஒன்றுஞ் சொல்லவில்லை. சோற்றுப் பொதியைக் கையில் தந்து, "வெளிக்கிடேக்க ஒரு போன் எடுங்கோ மாமா" என்றார். அவரிடமன்றி எம்மிடம் அதைச் சொன்னது எம் மனத்தில் தங்கிற்று.

வாயிலருகே ஒரு பெரும் வாகனச் சந்தை. விலையுயர்ந்த பந்தயக் கார், பழைய குடும்பக் கார், ஏன், ஒரு வானும் வரிசையில் நின்றது! மருமகன் காருக்குள்ளிருந்த போத்தல், குடை, குழந்தையின் பொம்மை யாவற்றையும் இறக்கினார். சில்லு ஆணிகளை இறுக்க அளவு காட்டும் சாவியால் ஒவ்வொன்றாகச் சோதித்தார். சூடேறினால் ரயரின் காற்றழுத்தம் உயருமென்று சிறிது காற்றை விட்டார். ஒயிற் கோலை இருமுறை துடைத்துப் பார்த்தார். அதன்பின்னரே எம்மை ஏறச் சொன்னார்.

நேரங் கணித்தல் விலக்கப்பட்டமையின் எத்தனை நிமிடத்தில் சுற்றினோமென்று சொல்லோம். றம்பொடை வளைவுகளில் இறங்கும் பஸ்ஸில் முன் ஆசனத்தில் இருந்தவர்கள் ஓரளவு ஊகிக்கலாம். ஆயினும் அங்கே எதிரே வண்டி வரும். இங்கு அந்த அச்சமில்லை. பின்னே வருவதுதான் அச்சம். வானூர்தித் திடல் எனப் பொருள்படும் புளூக்பிளாட்ஸ் மேட்டில் கார் எடையிழந்தாற்போல் எழுந்தது. நரிப்பொந்து என்னும் இறக்கத்தில் வயிறு முதுகோடு ஒட்டியது. கருசெல் வளைவின் உட்புறம் கொங்கிறீற்றால் கிண்ணம்போல் சரிந்திருக்கிறது. கார் அதில் விழுந்து, பற்களெல்லாம் நடுங்க ஓடி, மறுபுறம் துள்ளி ஏறிற்று. மருமகனோ பின்கண்ணாடியைப் பார்ப்பதும், விரைந்து வருவோருக்கு வலப்புறம் ஒதுங்கி வழி விடுவதுமாகவே இருந்தார். முப்பது பேராவது எம்மை முந்தியிருப்பர். நீண்ட நேர்வீதி வந்ததும் வேகத்தைத் தணித்து மெல்ல ஓட்டினார். வாயிலுக்கு வந்தபின்னும் எஞ்சினை உடனே நிறுத்தவில்லை. நிறுத்தினால் டர்போவின் தண்டிலே நின்றுவிட்ட ஒயில் அச்சூட்டில் கரியாகிப் போகுமாம். சிவந்த தகடுகளைக் கட்டைகள் கவ்விக்கொண்டு நிற்றலாகாதெனக் கைப்பிரேக்கையும் இழுக்காமல், கியரில் விட்டுச் சில்லுக்கு ஆப்பு வைத்தார்.

சோறுண்டு முடித்தபோது தடம் மூடப்பட்டது. எங்கோ ஒரு கார் வேலியில் மோதியதாம். மீட்பு வண்டிகள் போயின. அந்தச் சந்தையின் இரைச்சல் அடங்கிற்று, ஒருவரும் சிரிக்கவில்லை. ஒன்றரை மணி நேரஞ் சென்று மீண்டும் திறந்தனர். இரண்டாஞ் சுற்றுக்குப் பணம் முன்னரே கட்டியாயிற்று. மருமகன் ஏறியமர்ந்து மிதியை மிதித்தார், மீண்டும் மிதித்தார். "கொஞ்சம் கீழ போகுது" என்றார். எமக்கு யாதொரு வேறுபாடும் தெரியவில்லை. வரிசையை விட்டுக் காரை வெளியே எடுத்தார். இறக்கிய பொருள்களை ஏற்றி, ரயர்களுக்குக் காற்றை நிரப்பி, பெருந்தெருவின் வலது ஓரமாகவே வீடு நோக்கி ஓட்டினார். மருமகளுக்கு நாம் போன் எடுத்தோம்.

மறுநாள் மாலை கொட்டகையில் எமக்கும் ஒரு வேலை கிடைத்தது. அவர் சில்லின் பின்னே படுத்துக்கொண்டு "மிதியுங்கோ" என்பார், மிதிப்போம். "பிடியுங்கோ" என்பார், பிடித்திருப்போம். கண்ணாடிபோன்ற சிறு குழாயினூடே தேநீர் நிறத்தில் பழைய திரவம் போத்தலில் இறங்கியது. முன் வலப்புறச் சில்லில் மூன்று குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் அவற்றை எமக்குக் காட்டிவிட்டுத் திருகை இறுக்கினார். நான்கு சில்லுகளும் முடிய இருட்டிவிட்டது. தமக்கையார் அன்றிரவு அழைத்து, "சொன்னனியே?" என்று கேட்டார். "சொன்னேன் அக்கா, அடுத்த முறை போகும்போதும் இந்தத் திரவத்தை மாற்றிவிட்டுப் போகச் சொன்னேன்" என்றோம்.