கடையில எல்லாம் செஞ்சாச்சு, ஆனா வேலை முடியல

எங்க வீட்டு லெப்டொப்புக்கு வயசு பத்துக்கு மேல. பற்றரி செத்து ரொம்ப நாளாச்சு, கரண்ட் போனா அதுவும் போயிடும். போன வருஷம் ஒருநாள் நீலத் திரையைக் காட்டிட்டுப் படுத்துவிட்டது. தங்கச்சியின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஒன்லைனில் அனுப்ப இன்னும் இரண்டே நாள். ஃபோனில் நிரப்பலாம்தான். ஆனால் பாடநெறிகளின் விருப்பப் பட்டியலை அந்தச் சின்னத் திரையில் மேலும் கீழும் இழுத்து ஒழுங்குபடுத்தும்போது ஒரு இலக்கம் மாறினாலும் வாழ்க்கை வேறு பக்கம் போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். எங்களுக்கும்தான்.

கண்டி பஸ் ஏறி ஒரு கடையில் கொடுத்தோம். பின்னேரம் போனபோது "விண்டோஸ் புதுசாப் போட்டாச்சு தம்பி, எல்லாம் இருக்கு" என்றார்கள். காசைக் கொடுத்துவிட்டு, பஸ் முக்கி முக்கி வர, லெப்டொப்பை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டில் ஃபோன் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுத் திறந்தால் ஒரு தளமும் வரவில்லை. 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில். கீழே சின்ன எழுத்தில், 'பரவாயில்லை, உள்ளே போ' என்கிற மாதிரி ஒரு வழியும் இருந்தது. அதை அழுத்தப் போன கையைத் தங்கச்சிதான் பிடித்தாள். "அண்ணா, மூலையில திகதியப் பாருங்க." 2012 என்று இருந்தது.

விஷயம் இதுதான். மதர்போர்ட்டில் மணிக்கூட்டை ஓடவைக்கும் ஒரு குட்டிப் பற்றரி இருக்கிறது. அது செத்தால் கணினிக்கு நாள் மறந்துவிடும். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதற்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2012இல் நிற்கிற கணினிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாமே 'இன்னும் தொடங்காதது'. மலையகப் பாதையில் ஒற்றைத் தண்டவாளத்தில், கையில் டெப்லட் வராமல் ட்ரைவர் ரயிலை எடுக்கமாட்டார் இல்லையா? சான்றிதழும் அப்படி ஒன்றுதான். அது இல்லாமல் 'பரவாயில்லை' என்று போனால், எதிரில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. திகதியைச் சரிசெய்தோம், தளங்கள் திறந்தன.

அடுத்த சிக்கல் பிரவுசர். கடையில் போட்டது 2018ஆம் ஆண்டின் விண்டோஸ் 10. அதில் இருந்த பழைய எட்ஜுக்கு மைக்ரோசொஃப்ட் 2021 மார்ச் மாதத்தோடு பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. சரி, ஃபயர்ஃபொக்ஸை இறக்குவோம் என்று தேடினோம். முதலில் வந்த இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினோம். பக்கம் அச்சு அசல் மாதிரியே, அதே நரிப் படம். ஃபைலும் இறங்கியது. அதைத் திறக்கும் முன்தான் முகவரியைப் பார்த்தோம். மொசில்லாவின் பெயரே அதில் இல்லை. நாங்கள் அழுத்தியது விளம்பரத்தை.

ஃபைலில் வலது கிளிக் செய்து 'ப்ரொப்பர்டீஸ்' போனோம். உண்மையான நிறுவல் ஃபைலில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும், அதில் 'மொசில்லா கோர்ப்பரேஷன்' என்று பெயர் இருக்கும். இதில் அந்தப் பகுதியே இல்லை. அழித்தோம். பிறகு மொசில்லாவின் முகவரியை நாங்களே எழுத்துக் கூட்டி அடித்துப் போய், அங்கே இறக்கினோம். இந்த முறை பெயர் இருந்தது. நிறுவியபின் 'ஹெல்ப்' பகுதியில் 'எபவுட் ஃபயர்ஃபொக்ஸ்' திறந்து, புதிய பதிப்புத்தான் என்று உறுதிசெய்தோம். குரோம் போடுகிறவர்களும் இதே மாதிரிப் பார்க்கலாம், அங்கே 'கூகுள் எல்எல்சி' என்று இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். விண்டோஸின் சொந்தக் காவல்காரன் டிஃபென்டர் அணைக்கப்பட்டிருந்தது. ஏனென்றால் எங்களிடம் இருந்தது கள்ள விண்டோஸ். அதை இயங்கவைக்கிற கருவியை டிஃபென்டர் பிடித்துவிடும் என்பதால் காவல்காரனையே தூங்கவைத்துவிட்டார்கள். நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. லைசென்ஸ் வாங்க எங்களிடம் காசு இல்லை என்பது இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம். டிஃபென்டரை எழுப்பிவிட்டோம். அந்த ராத்திரிக்கு அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைசியில் பெரிய அடி. தங்கச்சியின் மின்னஞ்சல் கடவுச்சொல் பழைய பிரவுசருக்குள் மட்டும்தான் இருந்தது. டிஸ்க்கை ஃபோர்மட் செய்தபோது அதுவும் போய்விட்டது. விண்ணப்பம் பற்றிய செய்தி எல்லாம் வருவது அந்த மின்னஞ்சலுக்குத்தான். அவள் அழவில்லை, பேசாமல் இருந்தாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மீட்பு இலக்கம் அம்மாவின் பழைய சிம். அம்மா அதைத் தூக்கிப் போடாமல் சீனி டின்னுக்குள் வைத்திருந்தார். ஃபோனில் போட்டு, மழைக்குள் சிக்னலுக்காக வாசலில் நின்று, குறியீடு வந்தபோது ராத்திரி பதினொன்று. விண்ணப்பத்தை விடியற்காலையில்தான் அனுப்பினோம்.

கடைக்குக் கொடுக்கும் முன் நாங்கள் செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. பிரவுசரின் கடவுச்சொற்களையும் புக்மார்க்குகளையும் வெளியே எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் கடவுச்சொல் ஃபைலை யாரும் திறந்து படிக்கலாம் என்பதால் கடைக்குப் போகும் பென்டிரைவில் அதை வைக்கக்கூடாது. கலைப்பீடத்துப் பிள்ளைகள் நாங்கள், 'இதெல்லாம் ஐரிக்காரர் வேலை' என்று எத்தனை வருஷம் தள்ளிப்போட்டோம்!

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. எங்கள் லெப்டொப் விண்டோஸ் 11ஐ ஏற்காது. அதனால் அடுத்த விடுமுறையில் லினக்ஸ் மின்ட் போடப்போகிறோம், இந்தமுறை நாங்களே. காசும் இல்லை, கள்ளமும் இல்லை. தங்கச்சி இப்போதே ஒரு கொப்பியில் படிமுறைகளை எழுதிவிட்டாள். முதல் வரி: 'திகதியைப் பார்.' இரண்டாவது: 'அம்மாவின் சிம் எங்கே என்று கேள்.'